டப்பாவைத் திறக்கும் முன்: டெஸ்டோஸ்டிரோன் கூட்டும் இயற்கைச் சரக்குகளில் எது தேறும்?

போன சித்திரையில் என் மச்சினன் ஒரு கறுப்பு டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். 60 கேப்சூல், 2,900 ரூபாய், ஒரு மாதத்துக்குத்தான் வரும். ஜிம்மில் பயிற்சி கொடுப்பவரே விற்றிருக்கிறார். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 286 என்று போட்டிருந்தது. "லோவா இருக்கு அத்தான், அதான் எந்நேரமும் அசதி" என்றான். வயது 38.

தாளை வாங்கிப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் மாலை 6.10. அதற்கு முன் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ரெண்டு பஜ்ஜி, ஒரு டீ. முந்தின ராத்திரி? மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற வேலையாம், படுக்கும்போது மணி ரெண்டு.

டப்பாவை அப்படியே வை, பத்து நாள் ஒழுங்காகத் தூங்கு, அப்புறம் காலை ஏழரைக்கு வெறும் வயிற்றில் அதே லேபில் கொடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். 391 வந்தது. டப்பாவின் சீல்கூட உடையவில்லை, கணக்கு 105 ஏறியிருக்கிறது. சதவீதத்தில் சொன்னால் ஏறக்குறைய 37. அந்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருந்தால் ஜிம் முழுக்க அதற்கு விளம்பரம் செய்திருப்பான், நானும் நம்பியிருப்பேன்.

இந்தச் சரக்குகளை ஒப்பிட உட்காரும் எவரும் முதலில் மனத்தில் வைக்கவேண்டியது இதைத்தான். டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்காது. இளவயதில் காலையில் உச்சம், மாலையில் சரிவு. சாப்பிட்டால், குறிப்பாகச் சர்க்கரை உள்ளே போனால், கொஞ்ச நேரத்துக்கு இறங்கும். காய்ச்சல், தூக்கமின்மை, கடும் பட்டினி எல்லாமே இழுத்துவிடும். அதனால்தான் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வெவ்வேறு நாட்களில் அதிகாலை எடுத்த இரண்டு பரிசோதனையிலும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குறைவு என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதோடு அறிகுறியும் இருக்கவேண்டும். மாலை நேரத்து ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு யாராவது உங்களிடம் எதையாவது விற்க வந்தால், அவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சரி, இப்போது டப்பாவுக்கு வருவோம்.

பின்பக்கம் சின்ன எழுத்தில் நெருஞ்சில், அமுக்கரா, வெந்தயச் சாறு, சிலாஜித், டி-அஸ்பார்டிக் அமிலம், துத்தநாகம் என்று வரிசை. எல்லாம் சேர்த்து "சிறப்புக் கலவை 1,200 மி.கி." எது எவ்வளவு என்று கிடையாது. ஆய்வுகளில் அமுக்கராச் சாறு நாளைக்கு 600 மி.கி., வெந்தயச் சாறு 600 மி.கி., சிலாஜித் 500 மி.கி., டி-அஸ்பார்டிக் அமிலம் 3 கிராம் என்று கொடுத்திருக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள். 1,200 மி.கி. டப்பாவுக்குள் இத்தனையும் அடங்காது. ஆறு பேர் பெயர் இருக்கும், அதில் ஐந்து பேர் சும்மா பந்தியில் உட்கார வந்தவர்கள். அமெரிக்காவில் இப்படி விற்கும் 50 தயாரிப்புகளை எடுத்து அலசிய ஓர் ஆய்வுக் கட்டுரை 2020இல் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு டப்பாக்கள் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுவோம் என்றன. ஆனால் உள்ளே இருந்த பொருட்களில் ஏறக்குறைய கால்வாசிக்குத்தான் கூட்டுவதாக ஏதாவது ஓர் ஆய்வாவது இருந்தது. பத்தில் ஒன்று குறைக்கிறது என்றுகூட ஆய்வு இருந்தது!

இந்த டி-அஸ்பார்டிக் அமிலத்தின் கதையே அதற்கு நல்ல சாட்சி. 2009இல் இத்தாலியில் 12 நாள் கொடுத்துப் பார்த்தபோது 42 சதவீதம் ஏறியது. உடனே உலகமெங்கும் டப்பாக்களில் அது குடியேறிவிட்டது. பிறகு எடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கு 28 நாள், தினம் 3 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு மாற்றமும் இல்லை. 2015இல் ஆஸ்திரேலியாவில் இரட்டிப்பாக 6 கிராம் கொடுத்தார்கள், டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிட்டது. முதல் ஆய்வு விளம்பரத்தில் இன்னும் ஓடுகிறது, விற்கிறவர்கள் யாரும் மற்ற இரண்டையும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆகவே பல சரக்குக் கலவை என்ற வாய்ப்பை முதல் சுற்றிலேயே தள்ளிவிடலாம் என்பது என் முடிவு. ஒத்துக்கொள்ளாமல் போனாலும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. வீரியம் என்ற பெயரில் விற்கும் சில மாத்திரைகளில் ஆங்கில மருந்தான சில்டெனாஃபிலை (வயாகராவில் இருப்பது) ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. இதய வலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவருக்கு அது உயிருக்கே உலை.

அப்படியானால் தனித்தனிச் சரக்காக வாங்கினால்? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நெருஞ்சிலை முதலில் முடித்துவிடுகிறேன். வெறுங்காலோடு நடந்த யாருக்கும் அந்த முள்ளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் பக்கத்தில் நீர்க்கடுப்பு, நீரடைப்பு என்றால் நெருஞ்சில் கஷாயம் வைப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் பட்டம் அதற்கு வந்தது பல்கேரியாவிலிருந்து. அங்கே 1980களில் மாத்திரையாக்கி விற்றார்கள், பளுதூக்கும் வீரர்களோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், இளைஞர்கள் 21 பேருக்கு நாலு வாரம் கொடுத்து டெஸ்டோஸ்டிரோனில் ஒன்றும் நடக்கவில்லை என்று 2005இல் எழுதியவர்களும் பல்கேரியர்களே. 2007இல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களிடமும் அதே கதை. மாட்டுக்காலில் குத்தினாலும் மனிதன் காலில் குத்தினாலும் நெருஞ்சில் நெருஞ்சில்தான், ஆனால் ஹார்மோன் விஷயத்தில் அது குத்தவே இல்லை.

வெந்தயம் கொஞ்சம் தேவலாம். 2011இல் 60 ஆண்களுக்கு ஆறு வாரம் வெந்தயச் சாறு கொடுத்த ஆய்வில் ஆசை கூடியதாகச் சொன்னார்கள், ஆனால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெரிதாக நகரவில்லை. 2016இல் 43 முதல் 70 வயது வரையுள்ள 120 பேரிடம் 12 வாரம் பார்த்தபோது அளவும் ஏறியது. இப்படி முன்னுக்குப் பின் ஆய்வுகள் வரும்போது நான் எடுத்துக்கொள்வது, இருந்தாலும் சின்ன விளைவுதான் என்று. காலையில் ஊறவைத்துக் குடிக்கும் ஒரு ஸ்பூன் வெந்தயத்தை இந்தச் சாற்றோடு ஒப்பிட முடியாது. அது சர்க்கரையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அதுவே லாபம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் சாறு கேப்சூலையும் சேர்த்துப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடவேண்டும். வியர்வையில் ஒரு பாகு வாசனை வரும், சட்டை துவைக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிலாஜித்தைச் சித்த மருத்துவத்தில் கன்மதம் என்பார்கள். மலைப்பாறையில் கசிந்து வரும் பிசின். சுத்திகரித்த சிலாஜித்தை 45 முதல் 55 வயது ஆண்களுக்கு நாளைக்கு 500 மி.கி. வீதம் 90 நாள் கொல்கத்தாவில் கொடுத்துப் பார்த்ததில் சுமார் 20 சதவீதம் ஏறியது. முதல் பார்வைக்கு நல்ல எண்தான். ஆனால் பெரிதாகச் சொல்லிக்கொள்ள இந்த ஓர் ஆய்வை விட்டால் அதிகம் இல்லை. ஆன்லைனில் கரண்டியால் வழித்து எடுத்துக் காட்டும் கறுப்புப் பிசினில் ஈயம், ஆர்சனிக் எவ்வளவு என்று பரிசோதித்த தாள் கூட வராவிட்டால் நான் வாயில் வைக்கமாட்டேன். மலேசியாவில் உறவினர் இருப்பவர்கள் தொங்காட் அலி என்ற மூலிகை வேர் கலந்த காப்பிப் பொட்டலம் பார்த்திருப்பீர்கள். டெஸ்டோஸ்டிரோன் ஏற்கெனவே குறைந்தவர்களிடம் அதற்கு ஓரளவு பலன் தெரிகிறது. ஆனால் மரபணுவுக்குச் சேதம் செய்யக்கூடும் என்ற ஐயத்தால் அதைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. ஊரிலிருந்து வந்தால் வாசனை பிடித்துவிட்டு வைத்துவிடலாம்.

மிச்சம் இருப்பது அமுக்கரா. தனிச் சரக்குகளில் இதற்குத்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி ஆதாரம் இருக்கிறது. இதன் வடமொழிப் பெயரான அசுவகந்தம் என்றால் குதிரை வாடை என்று அர்த்தம், பச்சைக் கிழங்கை முகர்ந்தால் தெரியும். விளம்பரக்காரர்கள் வாடையை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2015இல் எடைப்பயிற்சியைப் புதிதாகத் தொடங்கிய 57 இளைஞர்களுக்கு எட்டு வாரம் ஆய்வு நடந்தது. வேர்ச்சாறு சாப்பிட்டவர்களுக்குச் சராசரி 96 நானோகிராம் ஏறியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 18 ஏறியது, அதைக் கழிக்க வேண்டும். மீதி 78. இது ஒரு நல்ல விளைவு, ஒத்துக்கொள்கிறேன். 2019இல் 40 முதல் 70 வயது வரையுள்ள, உடல் பருத்த, அசதி என்று சொன்ன ஆண்களிடம் பார்த்தபோது வெற்று மாத்திரையைவிட 14.7 சதவீதம் கூடுதல். ஆனால் அதே ஆய்வில் அசதியிலும் தாம்பத்திய விஷயத்திலும் இரண்டு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எண் ஏறியது, ஆள் அப்படியே இருந்தார். மன உளைச்சலுக்கும் தூக்கத்துக்கும் அமுக்கரா கொஞ்சம் உதவுவதற்கு வேறு ஆய்வுகள் உண்டு. ஒருவேளை டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதே அந்த வழியாகத்தானோ என்னவோ. இன்னொன்று, இவற்றில் பலவற்றுக்குச் சரக்கோ பணமோ கொடுத்தது சாறு தயாரிக்கும் நிறுவனங்களே.

மதுரை கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா சூரணம் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். "அது மலிவு, அதே தானே?" என்று மச்சினன் கேட்டான். அதே இல்லை. வழக்கமான சித்த மருத்துவச் செய்முறையில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டித்துக்கொண்டே போகும். அழகான கணக்கு. ஆனால் கூட்டினால் 255 பங்கில் பாதி சர்க்கரை, கால்வாசிதான் அமுக்கரா. ஆய்வில் கொடுத்தது பல மடங்கு சுண்டவைத்த சாறு. சூரணத்துக்கு நெஞ்சுச்சளி, வாயு, உடல் இளைப்பு என்று அதற்கான இடம் இருக்கிறது, சித்த மருத்துவர் அதைப் பார்த்துக் கொடுப்பார். டெஸ்டோஸ்டிரோன் ஆய்வைக் காட்டிச் சூரணத்தை விற்பது வேறு ஊர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இந்த பஸ்ஸில் ஏறுவது போல.

வாங்குவதானால் வேரிலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். இலையைக் கலப்பது வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021இல் அறிவுறுத்தியது. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பு வருகிறது. ஐஸ்லாந்து, அமெரிக்கா, இந்தியா என்று பல இடங்களிலிருந்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடம்பு அரிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் அடர் மஞ்சள் என்று வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். டென்மார்க் 2023இல் தடையே போட்டுவிட்டது. தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறவர்களும் ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் பக்கமே போகவேண்டாம்.

இதையெல்லாம் விட்டு, மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற துத்தநாகமும் வைட்டமின் டியும் எப்படி? குறை இருந்தால் அடிக்கும், இல்லாவிட்டால் சும்மா. துத்தநாகக் குறை என்று ஒன்று மனிதனுக்கு உண்டு என்பதையே 1960களில் ஈரானிலும் எகிப்திலும் பார்த்து உலகுக்குச் சொன்னவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். வளராமல், பருவமடையாமல் நின்ற பையன்களை அவர் அங்கே பார்த்தார். 1996இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், நான்கு இளைஞர்களுக்கு 20 வாரம் துத்தநாகம் குறைந்த உணவு கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய கால்பங்காக விழுந்தது. லேசான குறையுள்ள முதியவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்தபோது இரட்டிப்பானது. ஆனால் குறையே இல்லாதவர்களுக்குக் கொடுத்த வேறு ஆய்வில் அசையவில்லை. மூன்று வேளையும் சோறு, இட்லி, பருப்பு என்று சைவமாகவே சாப்பிடுகிறவர்களுக்குக் குறை வர வாய்ப்பு இருக்கிறது, தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சங்கதி: 220 மி.கி. ஜிங்க் சல்பேட் என்று போட்ட மாத்திரையில் நிஜத் துத்தநாகம் 50 மி.கி. நாளைக்கு 40க்கு மேல் மாதக்கணக்கில் போனால் உடம்பில் செம்பு குறைந்து புதுத் தொல்லை வரும்.

வைட்டமின் டியில் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஓர் ஆண்டு கொடுத்து ஏற்றம் கண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் இன்னும் கவனமாகச் செய்தபோது ஏறவில்லை. குறை இருந்தால் எலும்புக்காகவாவது சரிசெய்யுங்கள், டெஸ்டோஸ்டிரோன் கனவு வேண்டாம்.

இனி காசில்லாத வாய்ப்பு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2013இல் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 80 நானோகிராமைத் தாண்டி ஏறியது. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சுமார் 250. அமுக்கராவின் அந்த 78ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தொப்பையில் உள்ள கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது, அதுவும் ஒரு காரணம். வயிறு குறைந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்கும், அதை எந்த டப்பாவும் செய்யாது. தூக்கம் பற்றி 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். ஆரோக்கியமான பத்து இளைஞர்கள், ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் விழுந்தது. நல்ல மூலிகை ஆய்வு ஏற்றிய அளவை ஒரு வாரக் கண்விழிப்பு இறக்கிவிடுகிறது. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறவர்கள் முதலில் அதை டாக்டரிடம் காட்டவேண்டும்.

தசைக்காக வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. 1996இல் அமெரிக்காவில் வாரம் 600 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு, உடற்பயிற்சியும் செய்யவைத்து, பத்து வாரத்தில் கொழுப்பு நீங்கலான உடல் எடை 6.1 கிலோ ஏறியதைக் காட்டினார்கள். அவர்கள் ரத்தத்தில் அளவு 2,800ஐத் தாண்டியிருந்தது. 391 என்பது 450 ஆனால் கண்ணாடியில் தெரியும் என்று எதிர்பார்ப்பது வீண். நான் அந்த ஊசியைச் சிபாரிசு செய்யவில்லை, தூரம் எவ்வளவு என்று காட்டினேன்.

நிஜமாகவே இரண்டு நாள் காலைப் பரிசோதனையிலும் குறைவாக வந்தவருக்கு டாக்டர் தரும் ஊசியோ ஜெல்லோ இருக்கிறது. அதற்கு முன் எல்.எச். (விரைகளை வேலைசெய்யச் சொல்லும் ஹார்மோன்), புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன், தைராய்டு எல்லாம் பார்ப்பார்கள், ஏனென்றால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி இருந்தாலும் இப்படித்தான் காட்டும். அது டப்பாவால் மறைந்துபோனால் ஆபத்து. 5,246 பேரை வைத்து நடந்து 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை வெற்று ஜெல் பூசியவர்களைவிடக் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் கொஞ்சம் கூடின. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை எல்.எச். அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும், விரைகள் வேலையைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு அற்றுப்போகும் அளவுக்கு இறங்கலாம். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் இதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். ஜிம்மில் போட்டுக்கொண்டு திருமணமான பிறகு கருத்தரிப்பு மையத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் பேர் இல்லை.

மச்சினனுக்கு இரண்டாவது குழந்தை எண்ணம் இருந்ததால் ஊசிப் பேச்சு டாக்டர் அறையில் அரை நிமிடத்தில் முடிந்தது. 391க்கு அவர் எதுவும் எழுதவும் இல்லை. வைட்டமின் டி குறைவாக, 11 என்று வந்ததற்கு வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், எட்டு வாரத்துக்கு. இடுப்பை டேப் வைத்து அளந்தார், 104 சென்டிமீட்டர். மாதக் கடைசியில் மட்டும் வேலையை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அதைக் கேட்டதும் என் மச்சினன் முகத்தைப் பார்க்கணுமே, ஊசி என்றபோதுகூட அப்படி வாடவில்லை.

டப்பாவைப் பயிற்சியாளர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஃப்ரிட்ஜ் மேலே, சீல் உடையாமல், கேபிள் பில்லுக்குப் பாரமாக இருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆடி முடிந்து, அதே லேப், காலை ஏழரை, வெறும் வயிறு.